அலமாரிக்குள் கல்யாண அரிசி

மணவூர்ச் சம்பந்தம் முடிவான நாளிலிருந்து பச்சையப்பன் வீட்டில் யாருக்கும் சரியான தூக்கம் இல்லை. மகள் ரத்தினம்மாளுக்கு மாசி மாதத்தில் முகூர்த்தம் வைத்தாயிற்று. மாப்பிள்ளை கோதண்டபாணிக்கு இது இரண்டாம் கல்யாணம். மூத்தவள் செத்துப்போய்விட்டாள் என்று பேச்சு. நிலமும் கிணறும் உள்ளவன். நகை வேண்டாம், பாத்திரம் வேண்டாம், ஊரைக் கூட்டி வயிறாரச் சோறு போட்டால் போதும் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தச் சோறுதான் தொல்லையாகிவிட்டது.

உலகச் சண்டை ஓய்ந்தும் ரேஷன் ஓயவில்லை. கல்யாண வீடானாலும் இத்தனை இலைக்கு மேல் போடக்கூடாது என்று உத்தரவு. அறுவடையில் வீட்டுச் செலவுக்குப் போக மிச்ச நெல்லைச் சர்க்காருக்கு அளந்துவிட வேண்டும். பச்சையப்பன் அளந்தார். ஆனால் முழுவதையும் அளக்கவில்லை. ஒதுக்கிய நெல்லைக் கொல்லைப்புறத்திலேயே குத்தி அரிசியாக்கி, சின்னச் சின்ன மூட்டைகளாகக் கட்டி, சமையல்கட்டு அலமாரியில் அடுக்கிவிட்டார். ஒரு காலத்தில் பக்கத்து அறைக்குப் போகும் வழியாக இருந்த இடம் அது. மறுபக்கம் செங்கல் வைத்து அடைத்து, இந்தப் பக்கம் இரட்டைக் கதவு போட்டிருந்தார்கள். ஆள் நிற்கும் அளவுக்கு ஆழம்.

"எந்த ஆபீசரும் சமையல்கட்டுக்குள்ள வரமாட்டான்" என்பது அவர் கணக்கு.

அன்று விடிந்ததும் அடுப்பு மூட்ட வந்த மருமகள் சந்திரா, உள்ளே கால் வைத்தவுடனே நின்றுவிட்டாள்.

அலமாரியின் இடது கதவு சரிந்து கிடந்தது. இரவில் மேல்மூட்டை ஒன்று நழுவிக் கதவின்மேல் சாய்ந்திருக்கிறது. மேல் கீலின் திருகாணிகள் நிலையிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்துவிட்டன. கதவின் மூலை கீழே இறங்கித் தரைக்கட்டையில் உட்கார்ந்துவிட்டது. வலது கதவைச் சாத்தினால் அதன்மேல் ஏறிக்கொண்டது. இரண்டுக்கும் நடுவில் மேலே இரண்டு விரல் இடைவெளி. அந்த இடைவெளியில் சணல் மூட்டை அப்பட்டமாகத் தெரிந்தது.

"மாமா! கொஞ்சம் இங்க வாங்க!"

பச்சையப்பன் வாயில் வேப்பங்குச்சியோடு வந்தார். பார்த்தார். குச்சி வாயிலேயே நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கொல்லைச் சுவருக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு எல்லம்மாளின் குரல் கேட்டது.

"சந்திரா, ரேஷன் இன்ஸ்பெக்டரு கீழ்த்தெருவுல வீடு வீடா வந்துகினு இருக்காராம்! நேத்து ஒரு வீட்ல பரண்ல இருந்ததை எல்லாம் இறக்கி எடுத்துகினு போயிட்டாங்களாம்!"

"அப்படிங்களா அக்கா?" என்றாள் சந்திரா, வலது கதவைச் சாத்திப் பிடித்தபடி.

பச்சையப்பன் குச்சியைத் துப்பினார். "தச்சனைக் கூப்பிட முடியாது. அவன் பார்த்தா ஊரே பார்த்த மாதிரி. பக்தனும் ஊர்ல இல்லை."

மகன் பக்தவச்சலம் தாயார் கௌரியம்மாளோடு பள்ளிப்பட்டுக்குப் பத்திரிகை வைக்கப் போயிருந்தான். சாயங்கால பஸ்ஸில்தான் வருவார்கள். வீட்டில் இருந்தது மூன்று பேர். பச்சையப்பன், சந்திரா, கல்யாணப்பெண் ரத்தினம்மாள்.

"நாமளே பண்ணிடலாம் மாமா" என்றாள் சந்திரா.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஆனா கதவு ஏன் உக்காந்துகினு இருக்குதுன்னு பார்த்தா தெரியுது."

சரிந்த மூட்டையை இருவருமாகத் தள்ளி உள்சுவரோடு அணைத்து வைத்தார்கள். பச்சையப்பன் மகனுடைய பெட்டியைக் குடைந்து ஒரு திருப்புளி கொண்டுவந்தார். சந்திரா கதவுக்கு அடியில் மணையைச் செருகி, அதன்மேல் மூங்கில் பத்தை ஒன்றைத் தட்டித் தட்டி நுழைத்தாள். கதவு நூல் நூலாக மேலே எழும்பியது.

"போதும், போதும். கீல் இடத்துக்கு வந்துடுச்சு" என்றார் அவர்.

ஆனால் திருகாணி நிற்கவில்லை. மரத்தில் ஓட்டை பெரிதாகிவிட்டிருந்தது. எத்தனை முறுக்கினாலும் சுற்றிக்கொண்டே இருந்தது. பச்சையப்பனுக்கு வியர்த்துக் கொட்டியது. தெருவில் ஏதோ வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கை நின்றது.

"இது நிக்காதும்மா. நம்ம நேரம்."

சந்திரா தென்னந்துடைப்பத்திலிருந்து ஈர்க்குகளை ஒடித்து வந்தாள். ஓட்டைக்குள் இறுக்கமாகச் செருகி, வெளியே நீட்டியதை அரிவாள்மணையில் சீவினாள். "இப்ப முறுக்குங்க மாமா."

திருகாணி கடித்துக்கொண்டு உள்ளே போனது. பச்சையப்பன் நிமிர்ந்து மருமகளைப் பார்த்தார்.

இந்த வீட்டுக்கு வந்து ஐந்து வருஷத்தில் அவர் அவளிடம் அதிகம் பேசியதில்லை. அவள் வயிறு திறக்கவில்லை என்று மாமியார் பேசும்போதெல்லாம் அவர் எழுந்து வெளியே போய்விடுவார். அது தனக்காகவா, அவருக்காகவா என்று சந்திராவுக்கு இதுவரை தெரியவில்லை.

"உன் கையில நிதானம் இருக்குதும்மா" என்றார். "பக்தன்கூட இப்படிப் பொறுமையா செய்யமாட்டான்."

சந்திராவுக்கு முகம் சூடானது. குனிந்துகொண்டாள்.

மணையை எடுத்துவிட்டுச் சாத்திப் பார்த்தார்கள். மேலே சரியாகச் சேர்ந்தது. அடியில் இன்னும் முட்டியது.

"கீழ்க்கீலுக்குப் பின்னால ஏதாவது கனமா வச்சா, கதவு அந்தண்டை தள்ளிகினு நேராயிடும்" என்றாள் சந்திரா. "அட்டை மாதிரி ஏதாவது வேணும்."

பச்சையப்பன் கூடத்துக்குப் போய், கையில் கிடைத்ததை எடுத்துவந்தார். கல்யாணப் பத்திரிகை.

சந்திரா தயங்கினாள். "இதுவா மாமா?"

"தப்பா அச்சடிச்சதுதான். ஊர்ப் பேர் கோணலா விழுந்திருக்குது. மடி."

அவள் பத்திரிகையை மடித்தாள். நிமிர்ந்தபோது ரத்தினம்மாள் வாசற்படியில் நிற்பதைக் கண்டாள். எப்போது வந்தாளோ தெரியவில்லை. தலைகூட வாரவில்லை. மடித்த பத்திரிகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரத்தினம், கொஞ்சம் விளக்கெண்ணெய் எடுத்தா. கீலுக்கு விடணும்" என்றார் தகப்பனார்.

"நைனா, அவங்க வந்தா இன்னா ஆவும்?"

"வந்தா இன்னா? பார்த்துட்டுப் போவாங்க."

"அரிசி கிடைச்சுடுச்சுன்னா கல்யாணம் நின்னுடுமா?"

"வாயைக் கழுவுடி!" என்று சீறினார் பச்சையப்பன். "எண்ணெய் எங்க?"

அவள் எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து படியிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். பயந்திருக்கிறாள் என்று சந்திரா நினைத்தாள்.

பத்திரிகையைக் கீலுக்குப் பின்னால் வைத்து முடுக்கினார்கள். எண்ணெய் விட்டார்கள். சாத்தினார்கள். இரண்டு கதவுகளும் நடுவில் ஒரு கோடுபோல வந்து சேர்ந்தன. முன்வரிசையில் டப்பாக்களையும் வெண்கலப் பானைகளையும் அடுக்கி, மூட்டைகளின் மேல் பழைய சமுக்காளம் போட்டு மூடினாள் சந்திரா. கொண்டி சிரமமில்லாமல் விழுந்தது.

அவர்கள் மூச்சு விடுவதற்குள் பின்வாசலில் துடைப்பம் கீறும் ஓசை கேட்டது. பூவம்மாள் வேலைக்கு வந்துவிட்டாள். பச்சையப்பன் நிலத்தில் ஏர் ஓட்டும் சுப்பனின் மனைவி. இந்த அரிசி முழுவதையும் குத்திக் கொடுத்தது அவள்தான்.

பச்சையப்பன் வழியை அடைத்துக்கொண்டு நின்றார். "இன்னிக்கி உள்ள வராதே."

"ஏங்கய்யா? சாணி கரைச்சு வச்சிருக்கேனே."

"வராதேன்னா வராதே. போன வாரம் அரிசி கேட்டியே, நான் இல்லைன்னேன். அதை மனசுல வச்சிகினு எங்கியாவது போய் ஏதாவது சொன்னியா?"

பூவம்மாளுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் முகம் சுண்டியது. "புள்ளைங்க பசிக்குதுன்னு கேட்டேன். குடுக்கலை. அதோட முடிஞ்சுதுங்கய்யா. நான் யாராண்ட போய் இன்னா சொல்லப் போறேன்?"

"சொல்லலைன்னா நல்லது. போ."

அவள் துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்துவிட்டு நடந்தாள். சந்திராவுக்கு ஏதாவது சொல்லவேண்டும்போல் இருந்தது. காலையில் கிடைத்த அந்த ஒரு நல்ல வார்த்தையை இழக்க மனசில்லாமல் பேசாமல் நின்றாள்.

வெயில் ஏறிய பிறகு இன்ஸ்பெக்டர் வந்தார். கூட இரண்டு சேவகர்கள், தெருவில் ஒரு கட்டை வண்டி. தெலுங்கு வாடை அடிக்கும் தமிழில் மரியாதையாகவே பேசினார். பரண் பக்கம் பார்க்கவில்லை. நெற்குதிரின் மூடியைத் திறக்கச் சொல்லவில்லை. கூடத்தில் நின்றபடியே கேட்டார்.

"சமையல்கட்டு எங்கண்டி?"

பச்சையப்பன் சிரிக்கப் பார்த்தார். "சமையல்கட்டுங்களா? பொம்பளைங்க புழங்கற இடமாச்சே."

"உள்ளே எதையும் தொடமாட்டேன். அலமாரி ஒண்ணை மட்டும் பார்த்துட்டுப் போறேன்."

சந்திரா மாமனாரைப் பார்த்தாள். அலமாரி என்று இவருக்கு யார் சொன்னது?

வேறு வழியில்லை. சந்திராதான் முன்னால் போய்க் கொண்டியைத் தூக்கினாள். காலையிலிருந்து பட்ட பாட்டுக்கு, கதவு கொஞ்சமாவது முரண்டு பிடித்திருக்கலாம். ஒரு விரல் பட்டதும் சத்தமே இல்லாமல் திறந்துகொண்டது. இன்ஸ்பெக்டர் டப்பாக்களைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, பானைகளுக்குப் பின்னால் தெரிந்த சமுக்காளத்தை இழுத்தார்.

சேவகர்கள் மூட்டைகளைத் தூக்கி வண்டியில் போட்டார்கள். சுவர்மேல் தலைகள் தெரிந்தன. பச்சையப்பன் மறுநாள் தாலுக்கா கச்சேரிக்கு வரவேண்டும், கேஸ் போடுவார்களா இல்லையா என்பது அங்கே தெரியும் என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் கிளம்பினார்.

பச்சையப்பன் வாசலில் வந்து நின்று கேட்டார். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. யாரு சொன்னது?"

"அது சொல்லக்கூடாதுங்க" என்றார் அவர், செருப்பை மாட்டியபடி. "அந்நியங்க யாருமில்லை. உங்க வீட்டுக்குள்ள புழங்கறவங்கதான்."

வண்டி தெருக்கோடியில் திரும்பும்வரை பச்சையப்பன் அசையவில்லை. பிறகு மேல்துண்டை உதறித் தோளில் போட்டார்.

"பூவம்மா" என்றார். அவள் குடிசை இருக்கும் ஏரிக்கரைப் பக்கம் நடந்தார்.

அங்கே என்ன நடந்தது என்பது பிற்பகலில் தெரிந்தது. பூவம்மாள் தலைவிரிகோலமாகக் கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். பின்னாலேயே பச்சையப்பனும் வந்தார்.

"சின்னம்மா, நீங்க சொல்லுங்கம்மா! குடிசையைப் பொழுது சாயறதுக்குள்ள பிரிச்சுப் போடணுமாம். எங்க வூட்டுக்காரரையே ஓலையை இழுக்க வச்சிருக்காரு! அந்த மலைமேல இருக்கற முருகன் மேல ஆணையா நான் சொல்லலைம்மா! புள்ளைங்களை வச்சிகினு நான் எங்க போவேன்?"

"என் நிலத்துல இருந்துகினு என் குடியைக் கெடுத்தவளுக்கு எங்க போவணும்னு நான் சொல்லணுமா?" என்று கத்தினார் பச்சையப்பன்.

சந்திரா வாயைத் திறப்பதற்குள் யாரோ அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள். ரத்தினம்மாள். அவளைச் சமையல்கட்டுக்குள் இழுத்துப்போய்ச் சுவரோடு சாய்ந்துகொண்டாள். உதடு வெளுத்திருந்தது.

"அண்ணி, பூவம்மா சொல்லலை. நான் சொன்னேன்."

சந்திராவுக்கு முதலில் காதில் விழவே இல்லை போலிருந்தது. "இன்னா சொன்னே?"

"நேத்து கோயில்ல இன்ஸ்பெக்டர் சம்சாரத்தைப் பார்த்தேன். அவங்க காதுல சொல்லிட்டேன், அலமாரியில இருக்குதுன்னு. அரிசி போயிட்டா கல்யாணம் தள்ளிப்போவும்னு நினைச்சேன். பூவம்மா மேல பழி விழும்னு நினைக்கலை அண்ணி. சத்தியமா நினைக்கலை."

"பைத்தியமா உனக்கு? எதுக்கு?"

"அந்த மணவூர்க்காரரோட மொத சம்சாரம் செத்துப் போவலை."

சந்திரா அவளையே பார்த்தாள்.

"கிருத்திகை அன்னிக்கி மலைப்படியில ஒருத்தங்க என்னைத் தனியாக் கூப்பிட்டாங்க. வள்ளியம்மாள்னு பேரு. நான்தான் அவரு சம்சாரம்னாங்க. கொழந்தை பொறக்கலைன்னு அம்மா வீட்டுக்கு அனுப்பிட்டாங்களாம். போயிட்டு வான்னு சொல்லி வண்டியில ஏத்தினாங்களாம். அப்புறம் கூப்பிடவே இல்லையாம். உனக்கும் பொறக்கலைன்னா உன்னையும் இப்படித்தான் ஏத்துவாங்க, பார்த்துக்கோ பொண்ணேன்னாங்க. அழுவக்கூட இல்லை அண்ணி."

"மாமாகிட்ட சொல்லலையா?"

"சொன்னேன். அவருக்கு முன்னாடியே தெரியும். செத்துட்டான்னு அம்மாகிட்டயும் உங்ககிட்டயும் சொன்னது அவருதான். இருந்தா இன்னா, அவ வேற நீ வேறன்னாரு."

சந்திரா அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள். வண்டியில் ஏற்றினார்கள் என்ற சொல் அவள் நெஞ்சுக்குள் போய்த் தங்கிவிட்டது. பிள்ளை இல்லாத ஐந்து வருஷம். மாமியார் பேச்சு. எழுந்து வெளியே போகும் மாமனார். தனக்கும் ஒருநாள் ஒரு வண்டி வந்து வாசலில் நிற்கலாம். நின்றால் காரணம் கேட்கவும் ஆள் இருக்காது.

வெளியே பூவம்மாள் அழுதுகொண்டிருந்தாள்.

"நான் போய்ச் சொல்லிடறேன் அண்ணி" என்று ரத்தினம்மாள் நகர்ந்தாள். "அடிச்சா அடிக்கட்டும்."

"அடிக்கறதோட விடமாட்டாரு. நாளைக்கே மலைக்கோயிலுக்கு இட்டுகினு போயி தாலியைக் கட்ட வச்சுடுவாரு. அதுக்கு அரிசி வேணாம், இலையும் வேணாம். நீ இங்கியே நில்லு."

"அண்ணி..."

"நில்லுன்றேன்ல."

சந்திரா கொல்லைக்கு வந்தாள். சொல்லத்தான் போகிறோம் என்பது வாசற்படி தாண்டும்வரை அவளுக்கே நிச்சயமில்லை. பூவம்மாள் தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். காலையில் சும்மா நின்றது ஞாபகம் வந்தது.

"மாமா, பூவம்மாவை விட்டுடுங்க. நான்தான் சொன்னேன்."

பச்சையப்பன் திரும்பினார். "இன்னாம்மா?"

"இன்ஸ்பெக்டர் சம்சாரத்துகிட்ட நான்தான் சொன்னேன்."

"நீயா?" என்றார் பச்சையப்பன். "காலையில என்கூட நின்னு கீல் போட்டியே! ஈர்க்கு ஒடிச்சு வந்தியே! எல்லாம் தெரிஞ்சிகினேவா?"

அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள். அவர் முகத்தில் இருந்தது கோபம் இல்லை. ஏமாற்றப்பட்ட சின்னப் பிள்ளையின் முகம்போல இருந்தது.

"எதுக்கு?" என்றார்.

"அந்தக் கல்யாணம் வேணாம்னு தோணுச்சு."

"உனக்குத் தோணுச்சா? இந்த வீட்டுப் பொண்ணு கல்யாணத்தை நிறுத்த நீ யாரு?"

பூவம்மாள் எழுந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சந்திராவின் வார்த்தையை அவள் நம்பினாளா என்று தெரியவில்லை.

"போ" என்றார் பச்சையப்பன் பூவம்மாளைப் பார்க்காமலே. "உன் புருஷனை நிறுத்தச் சொல்லு. இழுத்த ஓலையைத் திரும்பப் போட்டுக்கச் சொல்லு."

பூவம்மாள் ஓடினாள். கொல்லைக் கதவு ஆடி நின்றது.

தெருவில் கரிப்புகையில் ஓடும் பஸ்ஸின் இருமல் கேட்டது. சற்று நேரத்தில் பக்தவச்சலம் கையில் பையோடு உள்ளே நுழைந்தான். பின்னால் கௌரியம்மாள். தெருவிலேயே அவர்களுக்குப் பாதிச் செய்தி கிடைத்திருக்க வேண்டும். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே கொல்லைக்கு வந்தார்கள்.

"நைனா, அரிசியெல்லாம் பூடுச்சாமே? யாரு சொன்னது?"

"உன் பெண்டாட்டியைக் கேளு" என்றார் பச்சையப்பன்.

பக்தவச்சலம் சிரித்தேவிட்டான், கேலி என்று நினைத்து. தகப்பனார் முகத்தைப் பார்த்துச் சிரிப்பு நின்றது. சந்திராவிடம் வந்தான்.

"நீயா?"

மாமனாரிடம் சொன்னபோது இவ்வளவு கஷ்டமாக இல்லை. "ஆங். நான்தான்."

"பார்த்தியாடா! மனசுல எவ்வளவு விஷம் பாரு!" என்று கௌரியம்மாள் மாரில் அடித்துக்கொண்டாள். "தனக்குத்தான் ஒண்ணும் விளங்கலை, என் பொண்ணும் வாழக்கூடாதாம்! இவ அப்பன் வீட்டுக்கு வண்டி கட்டுடா. இப்பவே கட்டு!"

பக்தவச்சலம் தாயாரின் பேச்சைக் கேட்டதாகவே தெரியவில்லை. மனைவியின் முகத்தையே உற்றுப் பார்த்தான். ஐந்து வருஷமாகத் தன்னிடம் ஒரு சின்னப் பொய்கூடச் சொல்லத் தெரியாமல் விழித்தவள் அவள். பிறகு மெல்லத் தலையைத் திருப்பினான். சமையல்கட்டு வாசலில் ரத்தினம்மாள் நிலையைப் பிடித்தபடி, தலை நிமிராமல் நின்றிருந்தாள். அவன் பார்வை தங்கையின் மேல் போய் நின்றது. அங்கிருந்து நகரவில்லை.

சந்திரா ஓரடி எடுத்து வைத்து, அவளை மறைத்துக்கொண்டு நின்றாள்.